தொள்ளாயிரமா, எண்ணூறா?

குறிப்பேட்டில் தொள்ளாயிரம் டிகிரி என்று இருந்தது. அச்சான கட்டுரையில் எண்ணூறு என்று இருந்தது.

இணைப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கண்ணாடி மேல் குற்றமில்லை. பேட்டரிக்குள் வைக்கும் பீங்கான் வில்லையை உலையில் எத்தனை டிகிரியில் சுட வேண்டும் என்று சொல்வதுதான் அந்தக் கட்டுரையின் வேலையே. ஒன்பது வருஷத்தில் அறுநூற்றுப் பதினான்கு பேர் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அவருடைய மற்ற முப்பது கட்டுரைகளுக்கும் சேர்த்து வந்தவை நாற்பத்தொரு மேற்கோள்கள். அதிலும் பாதி அவரே போட்டுக்கொண்டது.

மூன்று மணிக்குப் பதவி உயர்வு நேர்காணல். பன்னிரண்டு வருஷமாகப் பதவிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'இணை' இன்றைக்கு உதிர வேண்டும். அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைக்கு மூலக் குறிப்பேட்டையும் கொண்டு வர வேண்டும் என்பது தேர்வுக் குழுவின் புது விதி. உலையைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வக உதவியாளர், எல்லாருக்கும் 'உலைக்காரர்', அதை அலமாரியின் அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கணவருக்குப் போன் போட்டார். அவர் பல் டாக்டர்.

"தப்பான டிகிரியைப் போட்டு ஒன்பது வருஷமா உலகத்தை ஏமாத்தியிருக்கேங்க."

"யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?"

"ஒருத்தர்கூட இல்ல."

"அப்போ ஒருத்தரும் செஞ்சு பார்க்கல. சும்மா உன் பேரை எழுதிட்டுப் போயிருக்காங்க. நீ ஏன் பதறுற? நோட்ல ஒன்பதை எட்டாக்கிடு. கீழ ஒரு சுழி, அவ்வளவுதான். பேஷன்ட் வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருக்கார், வைக்கிறேன்."

அறுநூற்றுப் பதினான்கு பேரில் ஒருவர்கூடச் செய்து பார்க்கவில்லை என்பது செய்த தப்பைவிட அதிகமாக உறுத்தியது. ஆனாலும் பேனாவை எடுத்துச் சுழித்தார்.

பழைய மை வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. புதுச் சுழி பளீரென்று நீலமாகச் சிரித்தது. குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். விரலை நனைத்துத் தேய்த்தார். நீலம் வரி முழுக்கப் பரவியது. பிளேடால் சுரண்டினார். தாள் பொத்துக்கொண்டது.

ஓட்டை வழியே அடுத்த பக்கத்தில் ஒன்பது வருஷத்துக்கு முன் அவசரத்தில் கிறுக்கிய கடைச் சாமான் பட்டியல் எட்டிப் பார்த்தது. இப்போது அந்தப் பீங்கான் வில்லையைச் சுட வேண்டிய வெப்பநிலை: சோப்பு டிகிரி.

மணி ஒன்றரை. மறுபடி போன்.

"கிழிஞ்சு போச்சுங்க."

"அந்தப் பக்கத்தையே எடுத்துடு."

"பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கு!"

போனின் மறுமுனையில் பல் துளைக்கும் சத்தம் நின்றது.

"அப்போ உண்மையைச் சொல்லிடு."

"இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"முதல்ல ஓட்டை இல்லையே."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. பதவி உயர்வு போவதற்காக இல்லை. குறிப்பேட்டில் கை வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று இத்தனை வருஷமாக மாணவர்களை மிரட்டியவர், இன்று பிளேடும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாரே என்று வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆய்விதழுக்குக் கடிதம் அடித்தார். 'என் கட்டுரையில் வெப்பநிலை தவறு. முழுப் பொறுப்பும் என்னுடையது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.' தேர்வுக் குழுத் தலைவருக்கு ஒரு பிரதி. அனுப்பும் பொத்தான் மேல் விரல் மூன்று தடவை போய்த் திரும்பியது. நான்காவது தடவை அமுக்கிவிட்டார்.

ஆய்விதழிலிருந்து உடனே பதில் வந்தது. 'திரும்பப் பெறும் கோரிக்கை ஏற்கப்பட்டது. இந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெற இயலாது.'

இரண்டே காலுக்குக் குழுத் தலைவரின் பதில். 'உங்கள் நேர்மை எங்களை நெகிழ வைத்தது. நேர்காணலுக்கு வர வேண்டாம்.'

போனது போகட்டும் என்று நாற்காலியில் சாய்ந்தார். ஆச்சரியமாக, மூச்சு நன்றாகவே வந்தது.

கதவைத் தட்டிவிட்டு உலைக்காரர் உள்ளே வந்தார்.

"நோட்டை எடுத்து வெச்சிடவா மேடம்? ஐயோ, எலி கடிச்சிடுச்சா?"

"எலி இல்ல, நான்தான். உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? அன்னிக்கு நாம சுட்டது தொள்ளாயிரத்துல. பேப்பர்ல எண்ணூறுன்னு தப்பா வந்திருக்கு. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். இனிமே நிம்மதியாத் தூங்குவேன்."

உலைக்காரர் ஓட்டையைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"அந்த வருஷம் உலை மீட்டர் நூறு டிகிரி கூடுதலாக் காட்டிட்டிருந்துச்சு மேடம். பிரசவ லீவுல இருந்தப்ப ப்ரூஃபை என்னைத்தானே பார்க்கச் சொன்னீங்க, நீங்க தப்பா எழுதியிருந்த தொள்ளாயிரத்தை நான்தான் எண்ணூறுன்னு திருத்தி அனுப்பினேன்."