பாலத்தின் நடுவே பன்னிரண்டு மணி

அரெக்கிப்பாவில் இருக்கும் அன்பு அண்ணனுக்கு, பெரு எல்லைக்கரையிலிருந்து தம்பி தியோபிலோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி யூலோகியாவும் லாமா மந்தையும் சௌக்கியம். மற்றபடி எதுவும் சௌக்கியமில்லை.

என் மகள் நில்டா கல்யாணம் எப்போது என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நேற்றுவரை எனக்கே தெரியாது, அண்ணா. பெண் வீட்டில்தான் கல்யாணம் என்கிறது நம் ஊர். இரண்டு ஊருக்கும் பொதுச்சாமியான சந்தியாகப்பர் இந்த ஆறு மாதம் பொலிவியாக் கரையில் இருக்கிறார், சாமி இருக்கிற இடத்தில்தான் மோதிரம் மாற்றவேண்டும் என்கிறது மாப்பிள்ளை ஊர். சம்பந்தி செவேரோ வாயைத் திறந்தால் நாட்டு மானம்தான். பதினோரு கூட்டம் போட்டோம். கொக்கா இலை மென்று மென்று எனக்குக் கடைவாய்ப் பல் ஆடுகிறது. கடைசியில், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லைப் பாலத்தின் நடுவில் சாமியை நம்மிடம் கொடுப்பது, ஞாயிறன்று திருப்பித் தருவது என்று ஒப்பந்தம். எழுதியது நான், முப்பது வருஷ வாத்தியார், ஒரு காற்புள்ளிகூடத் தப்பில்லை. ஆனால் அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முந்தி என்பது இரண்டு நாட்டிலும் ஒருத்தனுக்கும் நினைவில்லை! அவர்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு பேண்டு வாத்தியத்தோடு அவர்களுடைய பன்னிரண்டுக்கு வந்து, முக்கால் மணி நேரம் குளிரில் நின்று, நம் பரம்பரையையே திட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். நாம் நம்முடைய பன்னிரண்டுக்குப் போனால் பாலத்தில் ஒரு நாய்தான் நின்றது. நாமும் திட்டினோம்.

சத்தம் கேட்டு செவேரோ அந்தக் கரைக்கு வந்து கத்தினார்: "வாத்தியாரே, ஒங்க ஊர்ல சூரியனே லேட்டாத்தான் எந்திரிக்குமோ?"

"நீங்க கெழங்கு வேகறதுக்கு முன்னாடியே பந்தி போடுவீங்களோ, சம்பந்தி?" என்று நானும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நில்டா சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓடினாள். அழுகிறாள் என்றே நினைத்தேன்.

"ரெண்டு தேசத்துக்கு சமாதானம் பண்ணப் போன மனுசனுக்கு மணி பாக்கத் தெரியல" என்றாள் யூலோகியா.

பன்னிரண்டாவது கூட்டத்தில் ஆளுக்கு அரை மணி விட்டுக்கொடுத்தோம். நமக்குப் பதினொன்றரை, அவர்களுக்குப் பன்னிரண்டரை. வரும் சனிக்கிழமை கல்யாணம். அண்ணியோடு வந்துசேருங்கள். குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் சந்தியாகப்பர், இறங்காமலே உங்கள் முழங்கால் வலியைக் கவனிக்கட்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன தம்பி,
தியோபிலோ

பி.கு.: பஸ் டிக்கெட் எடுக்க வேண்டாம். நில்டாவும் மாப்பிள்ளையும் இப்போதுதான் வந்தார்கள். நாங்கள் நான்காவது கூட்டம் போட்ட வாரமே பூனோ நகரத்தில் பதிவுக் கல்யாணம் முடிந்துவிட்டதாம். பாலத்திலிருந்து ஓடியபோது அவள் அழவில்லையாம், சிரித்தாளாம். "நீங்க ஒத்துப்போறதுக்குள்ள எங்களுக்கு நரை விழுந்துரும்ப்பா" என்கிறாள். டிசம்பரில் குழந்தை. ஞானஸ்நானம் எந்தக் கரையில் என்று பேச வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் என்று செவேரோ சொல்லியனுப்பியிருக்கிறார். யாருடைய பன்னிரண்டு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.