வீட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய லைல்

ஓஸ்லின், சஸ்காட்சுவான்
ஏப்ரல், சேற்றுக் காலம்

அன்புத் தங்கை ஸ்டெஃப்காவுக்கு,

அண்ணன் ஒரெஸ்ட் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் நலம். வான்கூவர் மழையில் நீயும் மாப்பிள்ளையும் முளைவிடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

லைல் டோர்ஸ்டட் வீட்டோடு ஊரைவிட்டுக் கிளம்பினான், ஒரெஸ்ட் அழுதான் என்று உனக்கு யாரோ போனில் சொன்னார்களாமே. முதல் பாதி மட்டும் உண்மை.

எல்லாம் தெருவிளக்கால் வந்தது. நம் ஊரில் இருப்பதே மூன்று விளக்கு; அதில் ஒன்று லைலின் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே நிற்கிறது. இத்தனை வருஷம் அதன் வெளிச்சத்தில் நிம்மதியாகக் குறட்டை விட்டவன், இந்தக் குளிர்காலத்தில் திடீரென்று கண் கூசுகிறது, அணைத்துவிடு என்று வந்து நின்றான். நான் ஊர்க் குழுத் தலைவன் இல்லையா, பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உன் ஒருத்தன் தூக்கத்துக்காக ஊரையே இருட்டாக்க முடியுமா?” என்றேன். “ஊரா? எங்கடா இருக்கு ஊரு? நாலு வீடு தாண்டினா கோதுமை வயலு!” என்றான். “அப்ப வயல்லயே போய்த் தூங்கு” என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்கிறார்கள். அவன் அப்படியே செய்வான் என்று யார் கண்டது?

ஊர் எல்லைக்கு வெளியே அவனுக்குக் கொஞ்சம் நிலம் இருப்பது உனக்குத் தெரியும். வீடு நகர்த்தும் டுவெய்ன் வந்தான், அடியில் இரும்பு உத்தரங்களைச் செருகினான், வீட்டை அப்படியே தூக்கிச் சக்கரத்தில் வைத்துவிட்டான். அவன் மனைவி இங்கா மட்டும் இறங்கவில்லை. “ரொட்டி மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன், இப்பதான் பொங்குது. நான் எங்கயும் வர்றதா இல்ல” என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். வீடு தெருவில் ஊர்ந்து போகிறது, இவள் ஜன்னல் வழியாக எல்லாருக்கும் கையசைக்கிறாள், கப்பலில் போகிறவள் மாதிரி.

எனக்கோ தலை எண்ணிக்கைதான் கவலை. பெட்ரன் கிழவி டவுனில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போனதிலிருந்து நம் ஜனத்தொகை சரியாகப் பதினெட்டு. அதற்குக் கீழே இறங்கினால் ஓஸ்லின் என்ற பெயரையே எடுத்துவிடுவோம் என்று வட்டார அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் பனி தள்ளும் வண்டி வராது, விளக்கும் எரியாது. பார், விளக்கைப் பிடிக்காமல் இவன் போனால், இவன் போனதாலேயே விளக்கு அணைந்துவிடும்! இதை அவனிடம் சொன்னால் சந்தோஷப்படுவான் என்பதால் சொல்லவில்லை.

நல்ல வேளை, ஊர் எல்லையில் சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. வீடு போக வழி வேண்டும் என்று ஊர்ப் பெயர்ப் பலகையைப் பிடுங்கி வைத்திருந்தார்கள்; பலகை நட்டிருந்த குழி இப்போது வீட்டுக்கு நட்டநடு அடியில். ஊரே காப்பியோடு வந்து நின்றது. டுவெய்ன் கையை விரித்தான். “சேறு காயற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. அதுவரைக்கும் உள்ளயே இருங்க. வீடுதானே!”

இங்கா ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள். “ஒரெஸ்ட், படுக்கையறை ஊருக்குள்ள இருக்கு, அடுப்படி வெளில இருக்கு. நாங்க இப்ப எந்தக் கணக்கு?”

“தூங்கற இடந்தான் கணக்கு” என்றேன்.

“அப்ப நான் அடுப்படியிலதான் படுப்பேன்!” என்று உள்ளேயிருந்து லைல் கத்தினான்.

“தாராளமா படு. காலைல உன்னை மிதிச்சுக்கிட்டேதான் காப்பி போடுவேன்” என்றாள் அவள்.

ஆக, நாங்கள் பதினேழு ஆனோம்.

இன்று மதியம் நானே போய்ச் சட்டத்தை விளக்கினேன். கெஞ்சவில்லை, விளக்கினேன். விளக்கு விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. லைல்தான் கண் கலங்கி, யோசிக்கிறேன் என்றான். ஒரு தலைவன் உறுதியாக நின்றால் எல்லாம் சரியாகும் என்பதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. பெயர்ப் பலகை என் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது. உன் வீட்டில் எல்லாருக்கும் உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும். தேவாலயத்தில் உங்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

இப்படிக்கு,
உறுதி குலையாத உன் அண்ணன்,
ஒரெஸ்ட்

பி.கு.: ஸ்டெஃப்கா, இது இங்கா எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் தபாலில் போடக் கொடுத்தால் நான் படிக்கமாட்டேன் என்று நினைத்திருக்கிறார் உன் அண்ணன், பாவம். சட்டமாவது ஒன்றாவது. முழங்கால் சேற்றில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “நீயும் போயிட்டா நான் தினம் யாரோடடா சண்டை போடறது?” என்றார். அந்தத் தொப்பியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். லைல் கதவைத் திறந்து, என் நல்ல துண்டைக் கொடுத்துக் காலைத் துடைக்கச் சொன்னான். மறுநாள் உன் அண்ணனே ஏணி போட்டு ஏறி, விளக்கின் மேல் ஒரு பால் வாளியைக் கவிழ்த்துக் கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை சேறு காய்ந்ததும் வீடு பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டது. அந்த அமளியில் கடிதம் என் கோட்டுப் பையிலேயே கிடந்துவிட்டது, மன்னித்துக்கொள். அன்றிலிருந்து லைல் புரண்டு புரண்டு படுக்கிறான். ரொம்ப இருட்டாக இருக்கிறதாம், தூக்கமே வரவில்லையாம். உன் அண்ணனிடம் இதை யார் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.