தாழ்ப்பாள் திறப்பு விழா

குழந்தைகளுக்காகப் பேசுகிறவர்கள் என்று ஓர் இனம் உலகத்தில் உண்டு. குழந்தைகளோடு பேசுகிறவர்கள் வேறு இனம். ஆளும் குறைவு, சத்தமும் குறைவு, அவர்களை விட்டுவிடுவோம். முதல் இனத்தை நீங்கள் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒரு குழந்தையைக் கண்டதும் முட்டிவலியையும் பாராமல் குனிவார், குனிந்த கையோடு கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார், தலையைத் தடவுவார், "உன் பேர் என்ன கண்ணு?" என்று கேட்பார், அது வாயைத் திறப்பதற்குள் அடுத்த தலைக்குப் போய்விடுவார். பெயர் யாருக்கு வேண்டும்? தலை கிடைத்தால் போதாதா?

அப்படிப்பட்டவர்தான் நம் செயலாளர். குழந்தைகள் நலச் சங்கம் ஒன்றை நடத்துகிறார். மேடை ஏறினால் "குரலற்ற குழந்தைகளின் குரல் நான்" என்றுதான் தொடங்குவார் என்பதால், அலுவலகத்தில் அவருக்கு 'குரலார்' என்று பெயர். கெட்டவர் இல்லை. லாரிப் பட்டறைக்குப் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை, கதவு கதவாக ஏறி இறங்கி வாங்கி, தகரக் கூரை போட்டுப் பள்ளிக்கூடமாக்கி, பட்டறையிலும் செங்கல் சூளையிலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்கார வைத்தவர் அவர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சொன்னால் அவரே இன்னொரு முறை சொல்ல ஆரம்பித்துவிடுவார், அதுதான் கஷ்டம்.

அந்தப் பள்ளியில் பெரிய பெண்கள் ஒவ்வொருத்தியாகப் படிப்பை விட்டு நின்றுகொண்டிருந்தார்கள். குரலார் கவலைப்பட்டார். கருத்தரங்கு வைத்தார். 'சமூகத் தடைகள்' என்று பதாகை அடித்தார். தடை என்னவோ கழிவறைக் கதவில் இருந்தது. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பட்டறை ஆட்கள் போகிற வருகிற வழி வேறு. டீச்சர் பலமுறை அவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தாள். தாழ்ப்பாள் பராமரிப்பில் வருமா, கட்டுமானத்தில் வருமா என்பதைக் குழுவில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் அவர். குழு கூடியது, கலைந்தது, தாழ்ப்பாள் எதிலும் வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து உதவி அனுப்பும் அமைப்பின் அம்மாள் ஒருவர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. குழந்தையே மனம் திறந்து பேசட்டும் என்று முடிவு செய்தார் குரலார். மனத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவரே எழுதிக் கொடுத்தார். பேசுவதற்குப் பட்டறை மெக்கானிக் ஒருவரின் மூத்த மகளைப் பிடித்தார்கள். தெருமுனையில் தம்பியைக் கூப்பிட்டால் பட்டறையில் சுத்தியல் நிற்கும், அப்படித் தொண்டை. அதனால் எல்லாருக்கும் அவள் 'வெண்கலம்'.

வெண்கலம் ஒத்திகையில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "சார், பங்கேற்புரிமைன்னா என்ன?"

"அது உனக்குப் புரியணும்னு இல்லம்மா. நிறுத்தி நிதானமா சொன்னா போதும்."

விழா நாளில் அவள் நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னாள். இரண்டு வரி போனது. மூன்றாவது வரியில் சன்னல் வழியாக வெளியே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து குரலார் அடுத்த சொல்லை உதட்டசைவில் எடுத்துக் கொடுத்தார்.

"சார், மீதியை அப்புறம் சொல்லட்டுமா?" என்றாள் வெண்கலம். "பாத்ரூம் கதவுக்குத் தாப்பாள் இல்ல. அங்க ஒருத்தி தனியா நிக்கிறா. நான் போய் கதவைப் பிடிக்கணும்."

மொழிபெயர்க்க வந்திருந்த பெண் வேலையில் சுத்தம். ஒரு சொல் விடாமல் பெயர்த்துவிட்டாள். அந்த அம்மாள் எழுந்து, வெண்கலத்தின் பின்னாலேயே போய், அவளோடு சேர்ந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரலாரும் புகைப்படக்காரரும் பின்னால் ஓடினார்கள். ஆம்பளைங்க இந்தப் பக்கம் வரக் கூடாது என்று வெண்கலம் சொல்லிவிட்டதால், இருவரும் லாரி டயர்களுக்கு நடுவே நின்று வானத்தைப் பார்த்தார்கள்.

குரலார் சும்மா இருப்பாரா? ஒரே வாரத்தில் கதவுக்கு நீல வண்ணம், பளபளவென்று பித்தளைத் தாழ்ப்பாள், குறுக்கே சிவப்பு ரிப்பன். திறப்பு விழாவுக்குப் பிரமுகர் ஒருவர் தேதி கொடுத்தார், தள்ளிப் போட்டார், மறுபடி தள்ளிப் போட்டார். அதுவரை யாரும் ரிப்பனைத் தொடக் கூடாது என்று உத்தரவு. முன்பாவது கதவைப் பிடிக்க ஒரு தோழி இருந்தால் போதும். இப்போது தாழ்ப்பாள் வந்ததால் கழிவறையே இல்லாமல் போயிற்று. பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். டீச்சர் போய்ச் சொன்னாள். இன்னும் கொஞ்ச நாள்தானே, சரித்திர நிகழ்ச்சி, பொறுத்துக்கொள்ளட்டும் என்றார் குரலார். அவருடைய அறைக்கு உள்ளேயே தனிக் கழிவறை உண்டு.

ஒருவழியாகப் பிரமுகர் வந்தார். தாம்பாளத்தில் கத்தரிக்கோல், பின்னால் மாலை, அதன் பின்னால் மைக். ஊர்வலமாகக் கழிவறைக்குப் போனால் ரிப்பன் இரண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு எங்கோ பார்த்தாள்.

"யார் வெட்டினது?" என்றார் குரலார். மைக் அணைக்கப்படவில்லை, கேள்வி தெரு முழுக்கப் போயிற்று.

"நான்தான் சார்," என்றாள் வெண்கலம். "அவளுக்கு அவசரம்."

பிரமுகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குரலார் என்ன செய்வதென்று தெரியாமல் நீலக் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஆள் இருக்கு," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

சின்னக் குரல்தான், ஆனால் பயமில்லாத குரல். தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற குரல் அப்படித்தான் இருக்கும். எத்தனையோ மேடைகளில் குழந்தைகளின் குரலாக முழங்கியவருக்கு, அது எந்தக் குழந்தையின் குரல் என்று தெரியவில்லை. வெண்கலத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அதற்குள் பிரமுகர் கிளம்பிவிட்டதால், நினைப்பை அப்படியே விட்டுவிட்டு வழியனுப்ப ஓடினார்.

நின்றுபோன பெண்களில் சிலர் திரும்பி வந்துவிட்டார்கள். பங்கேற்புரிமைக்குக் கிடைத்த வெற்றி என்று குரலார் இப்போது எல்லா ஊரிலும் பேசுகிறார். கைதட்டலும் விழுகிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். நேற்று நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே பிள்ளை வளர்ப்பைப் பற்றி நண்பரிடம் போனில் விளக்கிக்கொண்டிருந்தபோது, உங்கள் மகள் பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல நின்றாளே. 'இரு' என்று கையைக் காட்டினீர்கள். அவள் என்ன சொல்ல வந்தாள்?