கோல் வராது, கடையில் வாங்கிக்கொள்ளவும்

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் மனைவி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அவரும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்றும், அண்ணன் வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறார் என்றும் நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எதைச் சொன்னாலும் “அப்படியா, அப்படியா” என்று கேட்டுவிட்டு, “அவன்கிட்ட குடு” என்று அவரிடமே விசாரிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் நீங்கள் “கோல் எப்பத்தான்டா வரும்?” என்று கேட்டீர்கள். உங்கள் தம்பி “இதோ முடியப்போகுதுக்கா” என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வராது. உங்கள் மகளுக்கு அடுத்த மாதம் இருபதாம் தேதி முதல் ஸ்நூக்கர் போட்டி. மாமா தன் கையாலேயே செய்து தருவதாகச் சொன்ன, பந்தைக் குத்தும் கோலை நம்பி, இருந்த கடைக்கோலையும் தோழிக்குக் கொடுத்துவிட்டு, கிளப்பில் யார் யாரோ பிடித்த கோலால் பயிற்சி செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம். நல்ல கடையாகப் பார்த்து இந்த வாரமே ஒரு கோல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்குத் தெரியாது. காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புக் கட்டுகளைத் தவிர வேறு எதையும் அவிழ்த்துப் பழகாத மனிதர், முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டு, பழைய சகாக்களோடு கிளப்புக்குப் போய் ஸ்நூக்கர் ஆடிப் பார்த்தார். பந்து குழியில் விழவில்லை. சாதாரண மனிதனாக இருந்தால் தனக்கு ஆட வரவில்லை என்று நினைத்துக்கொள்வான். இவர் மூன்று வாரம் யோசித்துக் குற்றம் கோலின் மேல்தான் என்று கண்டுபிடித்தார். அன்றைக்கே பின்னறையிலிருந்த என் துணி துவைக்கும் இயந்திரம் சமையலறைக்குக் குடிபெயர்ந்தது. அந்த இடத்தில் ஒரு தச்சு மேசை, மூன்று இழைப்புளி, அரம், உப்புத்தாள், பசை டப்பா. முனைப்பக்கத்துக்கு ஆஷ் என்று ஒரு வெளிர்ந்த மரம் கட்டையாக வந்து இறங்கியது. கைப்பிடிக்குக் கருங்காலிதான் வேண்டுமாம். அதற்கு எங்கே போனார் தெரியுமா? உங்கள் அப்பாவின் எழுத்து மேசைக்கு. அதன் நான்கு கால்களும் கருங்காலி. ஒரு காலை அறுத்தால் மூன்று கைப்பிடி வரும் என்று கணக்குச் சொன்னார். கணக்கு சரிதான். மேசைப்பலகை இப்போது காலில்லாமல் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. நீங்கள் வந்து கேட்டால் பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்.

வேலை செய்யும் முறையில் நான் குறை சொல்லமாட்டேன். கட்டையை முதலில் சதுரமாக்கி, சதுரத்தை எட்டு மூலையாக்கி, எட்டைப் பதினாறாக்கி, கடைசியில் மூலையே இல்லாமல் உருட்டி, நுனியில் பித்தளைப் பூண் மாட்டி, அதன் தலையில் தோல் ஒட்ட வேண்டும். தொழிற்கல்லூரியில் இருபத்து மூன்று வருடமாக வரைபடம் கற்பிக்கிறவள் நான், காகிதத்தில் இது எனக்குப் பிடித்தே இருந்தது. ஆனால் மரம் வளையாமல் இருக்க அதை மாதக்கணக்கில் தொங்கவிட வேண்டுமாம். எங்கே தொங்கவிட்டார்? என் துணி அலமாரியில். கல்லூரிக்கு அவசரமாகக் கிளம்பும்போது கதவைத் திறந்தால் ஒவ்வொன்றாகத் தலையில் விழும். வெந்நீரில் குளித்தால் வீட்டில் ஈரம் பரவுமாம், அதனால் மழைக்காலம் முழுவதும் பச்சைத் தண்ணீர். ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைக்கப் பழந்துணி போதாது, என் நல்ல துண்டு; அந்த எண்ணெய் நாற்றம் என் மேலும் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியை என்னிடம் மரியாதையாகக் கேட்டாள்: “வீட்ல பெயின்ட் அடிக்கிறீங்களா மேடம்?”

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் அண்ணி. பொறுக்க முடியாதது கோல்கள்தான். பதினொன்று செய்தார். பதினொன்றும் வளைந்தவை. ஒவ்வொன்று முடிந்ததும் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்.

“ஏம்மா, ஒரு கண்ணை மூடிட்டு இதைக் கொஞ்சம் பாரு. நேரா இருக்கா?”

“வளைஞ்சிருக்கு.”

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம். நடுவுல.”

உடனே பின்னறைக்குப் போய் இடது பக்கம் இழைப்பார். மறுபடி வருவார். இப்போது வலது பக்கம் வளைந்திருக்கும். அதையும் இழைப்பார். இப்படிப் போய்ப் போய், இரண்டாவது கோல் ஒட்டடைக் கோல் ஆயிற்று. கருங்காலிப் பிடி போட்ட ஒட்டடைக் கோல் வேறு எந்த வீட்டில் இருக்கிறது? நான்காவது தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. ஆறாவதால் சோபாவுக்கு அடியில் போனதைத் தள்ளி எடுக்கிறோம். ஒன்பதாவது இளைத்து இளைத்து வாத்தியார் கைப் பிரம்பு அளவுக்கு வந்துவிட்டது, அதை நானே கல்லூரிக்கு எடுத்துக்கொண்டுபோய்க் கரும்பலகையில் சுட்டிக் காட்டப் பயன்படுத்துகிறேன். முதல் கோல் ஒன்றுதான் முழு உருவத்தோடு இருக்கிறது. அப்போது திருத்தத் தெரியாததால், நான் சொன்னவுடன் பெருமூச்சு விட்டு, முன்னறைச் சன்னலில் திரை மாட்டக் கொடுத்துவிட்டார்.

ஒருமுறை எதிர்த்தும் பார்த்தார். “மேசை மேல உருட்டினா தத்தாம உருளுதே?” என்றார். நான் சாப்பாட்டு மேசையைக் குனிந்து பார்த்தேன். அதன் விளிம்பும் வளைந்துதான் இருந்தது. சொன்னேன்.  அப்புறம் தெருமுனைத் தச்சரைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் கோலை ஒரு தரம் பார்த்துவிட்டு, “நேராத்தானே சார் இருக்கு? அம்பு கணக்கா!” என்றார். “நீங்க செஞ்ச அலமாரியும் அம்பு கணக்காத்தான் இருக்கு, கதவு சாத்த மாட்டேங்குது” என்றேன். டீ குடிக்காமல் போய்விட்டார். “உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?” என்று உங்கள் தம்பி கேட்டார். பிறகு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்: “உனக்குப் பொய் சொல்ல வராது.” உண்மைதான், வராது. போன வருடம் புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து முன்பு கண்ணில் படாத குறையெல்லாம் படுகிறது. குளியலறையில் ஓடு பதித்தவன் ஒரு வரிசைகூட நேராகப் பதிக்கவில்லை, இரண்டு முறை பெயர்த்துப் பதிக்க வைத்தேன். என் மாணவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அளவுகோல் வைத்தும் கோடு கோணுகிறது. போன பருவத்தில் முப்பத்தெட்டு பேருக்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன். இந்தக் காலத்தில் எவனுக்கும் எதையும் நேராகச் செய்யும் அக்கறை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டாவது கோல் வந்தது. உங்கள் அப்பாவின் மேசையில் மிஞ்சியிருந்த கடைசித் துண்டு. இதன் பிடியில் உங்கள் மகளின் பெயரின் முதல் எழுத்தை வேறு வெள்ளியில் பதித்திருந்தார். பார்த்தேன். வளைந்திருந்தது. அவர் இழைப்புளியை எடுக்கப் போனபோது எனக்குப் பொறுக்கவில்லை. “விடுங்க. உங்களுக்குக் கை வராது. பதினாலு மாசம் ஆச்சு. அந்தப் பொண்ணை இன்னும் எத்தனை நாள் ஏமாத்துவீங்க?” என்று கேட்டேன். அவர் இழைப்புளியை ஆணியில் மாட்டினார். பின்னறைக் கதவைச் சாத்தினார். ஐந்து நாளாக நாளிதழில் வரன் தேடும் விளம்பரம் வரை படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கருவிகளைத் தச்சரிடம் கொடுத்துவிடப் போகிறாராம்.

எனக்கு அவரை நோகடிக்க ஆசையில்லை. உண்மையைச் சொன்னேன். நீங்கள் மூத்தவர், உங்கள் பேச்சைத்தான் கேட்பார். “போதும்டா, வேற ஏதாவது பண்ணு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மரத்தோடு சம்பந்தமில்லாத ஏதாவது. அண்ணனுக்கு என் வணக்கம். உங்கள் மகள் போட்டியில் கடைக்கோலோடு நன்றாக ஆட அத்தையின் மனமார்ந்த ஆசிகள்.

என்றும் மரியாதையுடன்,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். போகும் வழியில் கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது. கண்ணாடிக் கடையில் நிறுத்தினேன். அங்கிருந்த பெண் திருகை முடுக்கிவிட்டு, “எல்லாம் சரியாத் தெரியுதா மேடம்?” என்றாள். உன் மேசை விளிம்பு வளைந்திருக்கிறது என்றேன். அவள் சிரித்தாள். “இந்தக் கண்ணாடியில ஓரமாப் பாத்தா நேர்கோடெல்லாம் வளைஞ்சுதான் தெரியும் மேடம். கண்ணை உருட்டக் கூடாது, கழுத்தைத் திருப்பணும். கண்ணாடி உறைக்குள்ள சீட்டு வச்சிருப்போமே, படிக்கலையா? எல்லாருக்கும் ரெண்டு வாரத்துல பழகிடும். உங்களுக்கு இன்னுமா பழகல?” எனக்குப் பழகவில்லை அண்ணி. உலகம் பழகிக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பின்னறையைத் திறந்து, பன்னிரண்டாவது கோலைக் கண்ணாடியில்லாமல் பார்த்தேன். அம்பு கணக்காக இருக்கிறது. நான் திட்டித் தடுத்ததால் இழைப்புளிக்குத் தப்பியது. உடனே அவரிடம் போய், “நேராத்தான் இருக்கு” என்றேன். அவர் நாளிதழை இறக்கவே இல்லை. “என்னைச் சமாதானப்படுத்த வேணாம். பொய் உனக்கு வரல” என்றார்.

கண்ணாடி விஷயத்தைச் சொன்னால்தான் நம்புவார். சொன்னால் மற்ற பதினொன்றும் ஞாபகத்துக்கு வரும். அதனால் தயவுசெய்து எந்தக் கடைக்கும் போகாதீர்கள். அடுத்த சனிக்கிழமை உங்கள் மகளை இங்கே அனுப்புங்கள், அவள் வாயால் கோல் நேராக இருக்கிறது என்று சொல்லட்டும். மேலே எழுதியதைக் கிழித்துப்போட நினைத்தேன். தப்பை அழிக்காதே, தெரியும்படி விட்டுவிட்டுப் பக்கத்தில் சரியாகப் போடு என்று மாணவர்களுக்குச் சொல்கிறவள், எனவே விட்டுவிட்டேன். அந்த முப்பத்தெட்டு பேரின் தாள்களையும் இனிக் கண்ணாடியில்லாமல் மறுபடி திருத்த வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது முன்னறையில் நாற்காலி இழுபடும் சத்தம். கண்ணாடி உறையை அங்கேதான் வைத்துவிட்டு வந்தேன், சீட்டும் அதற்குள்தான் இருக்கிறது. இப்போது திரைச்சீலை வளையங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுகின்றன. அந்த முதல் கோலைத்தான் இறக்குகிறார் போலிருக்கிறது. கூப்பிடுகிறார்.

“ஏம்மா, அந்தப் புதுக் கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு இப்படிக் கொஞ்சம் வர்றியா?”

போகிறேன் அண்ணி. உங்கள் மகளை அடுத்த சனிக்கிழமை வரை வைத்துக்கொள்ளாமல் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் கூட வாருங்கள்.