நித்திரை கொண்ட கரடிக்கு நான் சொன்னது

நான் ஒரு துருவக் கரடியை நித்திரையால் எழுப்பியவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் என் மனைவியின் தம்பி சிவா சொல்லிவிடுவான். அவன் சொல்லும்போது கரடி இரண்டாகிவிடும், நான் கப்பலில் அழுததாகவும் வரும். (அழவில்லை. குளிர்காற்றில் கண்ணீர் வந்தது. இரண்டும் வேறு வேறு.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. வார நாட்களில் ஒஸ்லோவில் பஸ் ஓட்டினேன். சனி, ஞாயிறுகளில் கலியாணவீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு என்று படம் எடுத்தேன். நம்மவர்களை மேடையில் வரிசையாக நிறுத்துவது லேசான காரியமில்லை. மாமி வந்து நின்றால் மாமா சாப்பாட்டுப் பக்கம் போயிருப்பார். மாமாவைப் பிடித்து வந்தால் மாமி சேலை சரிசெய்யப் போயிருப்பா. எனவே மேளச் சத்தத்தையும் மிஞ்சிக் கத்துவேன். "எல்லாரும் இஞ்சை பாருங்கோ! கொஞ்சம் சிரியுங்கோ! ஒண்டு... ரெண்டு... மூண்டு!" மூன்றில்தான் பொத்தானை அழுத்துவேன். இரண்டில் அழுத்தியதாகச் சரித்திரமே இல்லை. கண்ணைக் கமராவில் வைத்ததும் வாய் தானாகவே இதைச் சொல்லத் தொடங்கிவிடும், என்னைக் கேட்பதில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் காலண்டருக்குச் சிவாதான் பொறுப்பு. ஒவ்வொரு வருடமும் ஜனவரித் தாளில் கோயில் கோபுரம்தான். ஒரு நாள் எங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, இந்த முறை நோர்வே நாட்டுப் படம் ஒன்று போடலாம், நல்ல படப்பிடிப்பாளர் யாராவது தெரியுமா என்று கேட்டான். யாரிடம் கேட்டான்? என்னிடம்.

"ஏன், நான் இல்லையோ?" என்றேன்.

"அத்தான், குறை நினையாதேங்கோ. உங்களுக்கு மேடையிலை நிக்கிற ஆக்களைத்தான் எடுக்கத் தெரியும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஜனவரித் தாளை வெறுமையா விடு. வடதுருவப் பக்கம் ஸ்வால்பார்டுக்குப் போய்ப் பனிக்கரடி எடுத்துக்கொண்டு வாறன்!"

"ஓடுற கரடியோ?"

கொஞ்சம் யோசித்தேன். "நித்திரை கொள்ளுற கரடி" என்றேன். (அசையாததைத்தான் எடுக்கத் தெரியும் என்று நானே ஒப்புக்கொண்டது இப்போதுதான் விளங்குகிறது.)

அடுத்த கிழமைக்குள் ஒஸ்லோத் தமிழர் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. என் பஸ்ஸில் ஏறியவர்கள்கூட "அண்ணை, கரடி எப்ப?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆசனத்தில் இருந்தார்கள். இனிக் கரடி இல்லாமல் திரும்பினால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

ஜூலையில் விமானம் ஏறி ஸ்வால்பார்டில் இறங்கி, அங்கிருந்து ஒரு சின்னக் கப்பலில் புறப்பட்டேன். கோடையாம். நான் நான்கு சட்டைக்கு மேல் ஒரு ஜக்கெட்டும், அதற்குமேல் மனைவி மாலா பின்னித் தந்த கம்பளிச் சால்வையும் சுற்றியிருந்தேன். கையைக் கீழே விட முடியவில்லை. கப்பலில் இருபது பேர். எல்லாரிடமும் பீரங்கி மாதிரி லென்ஸ்கள். என் லென்ஸ் மணமேடைக்கு அளவானது. பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கடலும் பனியும்தான். மூன்றாம் நாள் காலை, வழிகாட்டியான இங்ரிட் என்ற பெண் ஓடிவந்து உதட்டில் விரலை வைத்தாள். கப்பல் எஞ்சினை நிறுத்தினார்கள். பெரியதொரு பனிப்பாளத்தில் கரடி படுத்திருந்தது.

"கரடியைக் குழப்புவது இங்கே சட்டப்படி குற்றம்" என்று இங்ரிட் கிசுகிசுத்தாள். "யாரும் கதைக்க வேண்டாம். சப்பாத்துச் சத்தம்கூட வேண்டாம்."

இருபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கரடியோ இரவு வேலை முடிந்து வந்தவன் மாதிரி குப்புறப் படுத்து, முன்னங்காலால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தது. அரை மணித்தியாலம் போனது. ஒரு மணித்தியாலம் போனது. காது மட்டும் ஒருமுறை அசைந்தது. அதற்கே பத்துப் பேர் பொத்தானை அழுத்தினார்கள்.

நான் கமராவில் கண்ணை வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பனியில் வெள்ளையாக ஒரு மூட்டை. மூக்குமில்லை, கண்ணுமில்லை. இதை ஜனவரித் தாளில் போட்டால் அச்சகத்தில் மை முடிந்துவிட்டது என்றுதான் சனம் நினைக்கும். சிவாவின் சிரிப்பு காதுக்குள் கேட்டது. கொஞ்சம் முகத்தைக் காட்டினால் போதுமே, கொஞ்சம் திரும்பினால் போதுமே என்று மனம் தவித்தது. அப்போதுதான் அந்த வாய் திறந்துகொண்டது.

"எல்லாரும் இஞ்சை பாருங்கோ! கொஞ்சம் சிரியுங்கோ!"

தவிலையும் நாதஸ்வரத்தையும் தோற்கடித்த குரல் அது. அந்த அமைதியில் அது பனிமலையில் பட்டுத் திரும்பி வந்து, "சிரியுங்கோ" என்று எனக்கே சொன்னது. கரடி தலையைத் தூக்கியது. எழும்பி உட்கார்ந்தது. நேராக எங்களைப் பார்த்தது. கறுத்த மூக்கு, கறுத்த கண், தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு மாப்பிள்ளைகூட எனக்கு அப்படி ஒத்துழைத்தது கிடையாது. சுற்றிவர மற்றக் கமராக்களெல்லாம் சீனவெடி மாதிரி வெடித்தன.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒண்டு... ரெண்டு..."

கரடி எழும்பித் திரும்பியது.

"மூண்டு!"

அழுத்தினேன். அவ்வளவுதான். கரடி பனிப்பாளத்தின் மறுகரையில் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது.

இங்ரிட் என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது. "அதனிடம் என்ன சொன்னீர்கள்?"

பொய் சொல்ல நோர்வே மொழியில் எனக்கு அவ்வளவு வேகம் போதாது. "இங்கே பார்க்கச் சொன்னேன். கொஞ்சம் சிரிக்கவும் சொன்னேன்" என்றேன். அவளுக்குக் கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. ஏச்சு ஒழுங்காகவே கிடைத்தது. பயணம் முடியும்வரை கரடி தெரிந்தால் நான் கப்பலுக்குள் போய்விட வேண்டும் என்று உத்தரவு. (பிறகு இரண்டு கரடிகள் தெரிந்தனவாம். நான் சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.)

ஜெர்மன்காரர் தேடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் கமராவைக் காட்டினார். கரடி அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தியமாகக் கொஞ்சம் சிரித்தும் இருந்தது. எனக்கு ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னார். அதை வாங்கியிருந்தால் மானம் தப்பியிருக்கும். ஆனால் நான் எழுப்பிய கரடியை அவர் பெயரில் கொண்டு போகவா? வேண்டாம் என்றுவிட்டேன். அன்றைக்கு என்னிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல குணம் அதுதான்.

வீட்டில் எல்லாரையும் கூட்டிவைத்துப் படத்தைக் காட்டினேன். பளிச்சென்ற படம். நடுவில், பெரிதாக, கரடியின் பின்பக்கம்.

மாலா நெடுநேரம் பார்த்தாள். "இதுக்கோ அவ்வளவு தூரம் போனனீங்கள்?"

ஒன்பது வயது மகள் அபிக்கு வேறு கவலை. "அப்பா, இஸ்பியோர்னை நித்திரையாலை எழுப்பிப்போட்டீங்களா? பாவமெல்லோ! இக்கெ லோவ்!" இஸ்பியோர்ன் என்றால் பனிக்கரடி; 'இக்கெ லோவ்' பள்ளிக்கூடத்தில் செய்யக்கூடாத எதற்கும் அவர்கள் சொல்வது.

சிவா படத்தை வாங்கிக் கவனமாகப் பைக்குள் வைத்துக்கொண்டான். நான் பயந்தேன். பயந்தது சரிதான். அடுத்த வருடக் காலண்டரின் ஜனவரித் தாளில் அதையே போட்டான், கீழே என் முழுப்பெயருடன். மாதம் முழுவதும் ஒஸ்லோத் தமிழர் குசினிகளில் அது தொங்கியது. ஒருவர் மாலாவுக்குத் தொலைபேசி எடுத்து ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று கேட்டபோது, அவள் "கரடியின்ரை குண்டிக்குக் கீழை பாருங்கோ" என்று சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

சில வருடங்களுக்கு முன் அபிக்குக் கலியாணம். அன்று நான் படம் எடுக்கவில்லை, பெண்ணின் தகப்பன். விடியற்காலை எழும்பி ஓடியதில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்து மூலைக் கதிரையில் அப்படியே சாய்ந்துவிட்டேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சால்வை. வாய் திறந்திருந்ததாம். சிவா உதட்டில் விரலை வைத்து மேளத்தை நிறுத்தச் செய்து, சனத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, பத்தடி தள்ளி நிறுத்தியிருக்கிறான். மண்டபமே மூச்சைப் பிடித்து நின்றதாம்.

பிறகு மணப்பெண்ணின் தலைமையில் இருநூறு குரல்கள். "இஞ்சை பாருங்கோ! கொஞ்சம் சிரியுங்கோ!"

துள்ளி எழும்பினேன். அன்று படம் எடுத்த பொடியன் கெட்டிக்காரன். மூன்று எண்ணவே இல்லை.

அபியின் கலியாண அல்பத்தில் முதல் பக்கம் நான்தான். மாப்பிள்ளை பொம்பிளை இரண்டாம் பக்கம். பல தடவை பார்த்துவிட்டேன். நல்ல படம்தான், கொஞ்சம் சிரித்தும் இருக்கிறேன்.