மூச்சடக்கி ஐந்து சுற்று

இரண்டாவது சுற்றிலேயே காவலாளிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காதுக்குள் யாரோ தகரம் தட்டினார்கள். மூக்கில் துணிக்கிளிப்; உதடுகள் இறுக மூடியிருந்தன. மைதானத்துக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, இன்றோடு கதை முடிந்தது என்று நினைத்தார்.

பத்து வருஷமாகக் கிடங்கின் வாசலில் நிற்பவர். இந்த வெள்ளிக்கிழமை ஓட்டச் சோதனை. ஐந்து சுற்று ஓட முடியாதவருக்கு வேலை கிடையாது. மேற்பார்வையாளர் கதவைச் சாத்திவிட்டுத்தான் இதைச் சொன்னார். பதிவேடு எழுதும் அக்காவைத் தவிர அறையில் யாருமில்லை.

"உங்க நல்லதுக்குச் சொல்றேன். நாளைலேருந்து ஓடிப் பழகுங்க. ஆனா, மூச்சு விடக்கூடாது."

"கொஞ்சம்கூடவா சார்?"

"கொஞ்சம்கூட."

வீட்டில் மச்சானிடம் கேட்டார். பெரிய ஓட்டக்காரர்களே மூச்சைக் குறைத்துத்தான் பழகுகிறார்களாம், எங்கேயோ படித்தானாம். கிளிப் அவன் கொடுத்ததுதான்.

கிளிப்பால் மூக்கு வீங்கியது. வீக்கத்தை மறைக்க முகத்தில் துண்டைக் கட்டினார். திருடன் என்று நினைத்துத் தெருநாய்கள் துரத்தின. அன்றைக்குத்தான் ஐந்து சுற்றும் ஓடினார். ஆனால் பயத்தில் வழியெல்லாம் மூச்சு விட்டுவிட்டதால், அது கணக்கில் வராது என்று மனைவியிடம் வருத்தப்பட்டார்.

"உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள் அவள்.

அவருக்கும் அதே பயம். அலமாரிச் சாவி எங்கே, வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் என்று வரிசையாக ஒரு தாளில் எழுதித் தலையணைக்கடியில் வைத்தார். பிறகு, செத்தாலும் வேலையோடு சாவோம் என்று, கூட இருக்கும் பதினோரு காவலாளிகளிடமும் சோதனை விவரத்தைச் சொல்லி, மூச்சை அடக்க வழி கேட்டார். வழி யாருக்கும் தெரியவில்லை. பயம் மட்டும் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை முதலாளி மைதானத்துக்கு வந்தபோது, பன்னிரண்டு பேரும் மூக்கில் கிளிப்போடு வரிசையாக நின்றார்கள். பாதிப் பேருக்கு முகம் நீலம் பாரித்திருந்தது.

"திடீர்ச் சோதனைன்னுதானே சொன்னேன்? இவங்களுக்கு யார் சொன்னது?"

மேற்பார்வையாளருக்கும் முகம் வெளுத்தது. காவலாளி உதட்டை இன்னும் இறுக்கினார்.

பதிவேட்டோடு நின்ற அக்கா மெதுவாக அவர் காதருகே குனிந்தாள்.

"அண்ணே, இந்தச் சோதனையைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னுதானே அன்னிக்குச் சார் சொன்னாரு?"