பக்தி அளக்கப் போன மாப்பிள்ளை

படித்த முட்டாளுக்கு மருந்தே கிடையாது. இதை ஊரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அப்போது நான் கோலாலம்பூரில் முதுகலை மாணவன். முஸ்லிம் இளைஞர்கள், இளம்பெண்களின் மார்க்கப் பற்றை அளப்பது என் ஆய்வு. நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க். (காய்ச்சலை அளக்கக் கருவி இருக்கிறது. பக்தியை அளக்க நான் இருந்தேன்.)

கேமரன் மலைக்குப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்த என் அத்தாவின் (அப்பாவின்) நண்பர், தம் மகளை எனக்குத் தருவதாகப் பேச்சு. பெயர் ரஹ்மா, தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து, கட்டினால் இவளைத்தான் என்றிருந்தேன். பெண்ணையும் பார்த்துவிடலாம், ஃபாரத்தையும் நிரப்பிவிடலாம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

முதலில் கடை வாசலில் நின்ற மூன்று பையன்களைப் பிடித்தேன்.

"விடியக்காலை சுபுஹு நேரத்தோட தொழுவீங்களா?"

"அஞ்சு போடுங்கண்ணே," என்றான் ஒருவன், கொட்டாவி விட்டபடி. மணி பதினொன்று. அப்போதுதான் எழுந்து வந்திருந்தான். மற்ற இருவரும் கேள்வியை முடிக்கவே விடவில்லை. "எங்களுக்கும் அஞ்சு லா!" நானும் பூரித்துப்போய் எழுதிக்கொண்டேன்.

பிறகு வீட்டுக்குள் போனேன். கடைக்கார மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மாமி அடுப்படியில். ரஹ்மா தேத்தண்ணி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"போன வாரம் எத்தனை நாள் அஞ்சு வேளையும் தொழுதீங்க?"

"மூணு நாளு."

மூன்று மார்க் போட்டுவிட்டு, "மிச்சம் நாலு நாள்?" என்றேன்.

அவள் தன் அத்தாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "எனக்குத் தொழுகை இல்ல."

மாதவிலக்கு நாட்களை எங்கள் பெண்கள் இப்படித்தான் சொல்வார்கள். அந்த நாட்களில் அவர்களுக்குத் தொழுகை கடமையில்லை. சட்டம் எனக்கும் தெரியும், புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் மூன்று அண்ணன்களோடு பிறந்து ஹாஸ்டலில் வளர்ந்தவனுக்கு அந்தப் பேச்சு எங்கே தெரியும்? ஒரு பெண் என் முகத்துக்கு நேரே தொழுகையையே மறுக்கிறாள் என்று பதறிப்போனேன்.

"இல்லன்னா? சோம்பலா, வேலைப்பளுவா, நம்பிக்கைக் குறைவா? ஃபாரத்துல மூணுதான் இருக்கு."

லோரி வந்துவிட்டதா என்று பார்ப்பதாகச் சொல்லி மாமா வெளியே போய்விட்டார். (லோரி எதுவும் வருவதாக இல்லை.)

"எப்போருந்து இப்படி?"

"பன்னெண்டு வயசுலருந்து."

"பன்னெண்டு வயசுலேயேவா! வீட்ல யாரும் கண்டிக்கலையா?"

"அம்மாவுக்கும் அப்படித்தான்." (அவள் அப்போதே விளையாட ஆரம்பித்துவிட்டாள் என்பது இப்போது புரிகிறது.)

"குடும்பமேவா!" என்று கத்திவிட்டு, தொழுகையின் சிறப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நன்றாகத்தான் பேசினேன். அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மாமி முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"தம்பி, ஒங்களுக்கு அக்கா தங்கச்சி இருக்கா?"

"இல்ல மாமி."

"அதானே பாத்தேன்."

அப்போதுதான் விளங்கியது. அந்த மலைக்குளிரிலும் என் சட்டை நனைந்துவிட்டது.

ரஹ்மா சிரிக்கவில்லை. "வெளிய நிக்கிறானுங்களே, அவனுங்களுக்கு எவ்ளோ போட்டீங்க?"

"அஞ்சு."

"வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துல எங்க ஆபீஸ் பின்னாடி மோட்டர்பைக்கு மேல படுத்து போன் நோண்டுறவனுங்க. பொய் சொன்னவனுக்கு அஞ்சு, நெசம் சொன்ன எனக்கு மூணா? அல்லா குடுத்த லீவுக்கு மார்க் கொறைக்க நீங்க யாரு? இத ஒரு பொம்பளகிட்டயாச்சும் காட்டுனீங்களா?"

கேள்விகளைச் சரிபார்த்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஆண்கள். கல்யாணம் போச்சு என்று ஃபாரங்களைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலை இறங்கும்வரை அழுகை அழுகையாக வந்தது.

இரண்டு வாரம் கழித்து மாமா போன் செய்தார். "ரஹ்மா சரின்னுட்டா தம்பி. ஒண்ணும் தெரியாத ஆளுதான், சொல்லிக் குடுத்துக்கலாம்னு சொல்றா."

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. மாமா வீட்டில் இப்போது யாரும் "தொழுகை இல்ல" என்று சொல்வதில்லை. என் ஃபாரத்திலிருந்து ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள். போன மாதம் பள்ளிவாசல் ஹஜ்ரத் அங்கே விருந்துக்கு வந்திருந்தார். அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாய் விரிக்கும்போது கொழுந்தியாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "நீங்க தொழுங்க, எனக்கு நாலு நாளா சோம்பல்!"

ஹஜ்ரத்தின் முகம் வெளுத்துவிட்டது. "தொழுகைக்குச் சோம்பலா! மாப்ள, நீங்க படிச்சவரு. கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் ஹஜ்ரத்," என்றேன். "அதுல வந்த வினைதான் இது."